சுவரில் ஒட்டிய வீரன்

போன இதழில் தேவிபட்டினத்து வாசகர் ஒருவர், கல்லூரி நாளில் ஒரு கிரிக்கெட் வீரர் மேல் தனக்கு இருந்த ஆசையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். நானும் நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்தே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், ஒரு வீரர் மேல் தங்களுக்கு இருந்த, வீட்டில் யாரிடமும் பேசாத ஆசையை எழுதியிருக்கிறார்கள். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

*

அண்ணே, எனக்கு வயது 55. பாம்பன். அப்பா சங்கு குளிக்கப் போனவர். 1988-ல் ஊர் முழுக்க ரோட்டுப் பாலம் திறக்கப் போகிறார்கள், ராஜீவ் காந்தி வருகிறார் என்று ஒரே பேச்சு. நான் மட்டும் சங்கு வியாபாரி ஒருத்தர் வீட்டு டிவி முன்னால் கிடந்தேன். சியோல் ஒலிம்பிக். அதில்தான் உயரப் பலகையிலிருந்து தண்ணீருக்குள் குதிக்கிற அமெரிக்க வீரர் கிரெக் லூகானிஸைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முங்குதல் அப்பா முங்குவதுதான்: மூச்சை அடக்கி அடிக்குப் போய், மணலைத் துழாவி, சங்கைப் பையில் போட்டுக்கொண்டு மேலே வந்து, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி இருமுவார். ராத்திரி காது இரைகிறது என்று தூங்கமாட்டார். அழகுக்காக ஒருத்தன் தண்ணீருக்குள் போவான் என்பதே எனக்குப் புதுசு. ஒவ்வொரு தடவை குதித்து மேலே ஏறி வந்ததும் அவர் ஒரு சின்னத் துணியால் உடம்பைத் துடைப்பார். அந்தத் துணியை நீட்டுகிற ஆளாக நான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை, நினைக்கவும் தெரியாது. இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் பத்திரிகையிலிருந்து அவர் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டினேன். என் வயசுப் பையன்கள் நடிகை படம் ஒட்டி அடி வாங்கினார்கள். என் அம்மா மட்டும் "எம் புள்ளைக்கு வெளையாட்டுலதான் நாட்டம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாக.

அப்புறம் கல்யாணம், பிள்ளைகள், இப்போது பேரனும் பிறந்துவிட்டான். சமீபத்தில் போனில்தான் தெரிந்தது, அவரும் என்னைப் போன்றவர், சியோலில் குதித்தபோதே உடம்பில் எச்.ஐ.வி. இருந்திருக்கிறது என்று. அன்று ராத்திரி அழுதுகொண்டே இருந்தேன். அது காதலா, வெறும் ரசிகப் பைத்தியமா? இந்த வயசில் அழுவது கிறுக்குத்தனமா? வீட்டுக்காரியிடம் சொல்லலாமா?

தம்பி, காதல்தான்.

ரசிகனுக்கும் காதலிக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? ரசிகன் அவரைப் போலக் குதிக்க ஆசைப்படுவான். பாம்பன் பையனுக்கு அந்த ஆசை வந்திருந்தால் மறுநாளே படகுத்துறையிலிருந்து தலைகீழாகக் குதித்துப் பார்த்திருப்பான். நீங்கள் துணியை நீட்ட ஆசைப்பட்டீர்கள். நனைந்து வருகிற ஒருத்தருக்காகக் கரையில் காத்து நிற்கிற ஆசை அது. உங்கள் அம்மா உங்கள் அப்பாவுக்காக நின்றிருப்பார்கள் இல்லையா, அதே ஆசைதான்.

உங்கள் கரைக்கு நீச்சல் வீரர்களைக் கொண்டாடத் தெரியும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்து, நீந்தியே திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தனை (அது 1971) இரண்டு கரைத் தமிழர்களும் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆண்கள் ஆண்களை வியந்து பார்ப்பது நம் ஊரில் ஒளித்துச் செய்கிற காரியம் இல்லை. கூட்டத்தில் நிற்கிற பத்துப் பேரும் கைதட்டுகிறார்கள், அதில் ஒருத்தனுக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. அது பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. அதனால்தான் நம்மில் இத்தனை பேருக்கு முதல் காதல் ஒரு விளையாட்டு வீரராக இருந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். வகுப்புத் தோழனை அப்படிப் பார்த்தால் அவன் கண்டுபிடித்துவிடுவான். பக்கத்து வீட்டு அண்ணனைப் பார்த்தால் ஊர் கண்டுபிடித்துவிடும். டிவியில் வருகிறவரை எத்தனை நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், அவர் படத்தைச் சுவரில் ஒட்டலாம், அம்மாவே பெருமைப்படுவார்கள். அந்த ஒரு சுவர்தான் உங்களுக்குக் கிடைத்தது, அதில் நீங்கள் ஒட்டிய படம் பொய்யில்லை. எனக்கும் அந்த வயதில் பியோன் போர்க் இருந்தார். 1980 விம்பிள்டன் இறுதியாட்டம், மெக்கன்ரோவோடு நாலாவது செட் டைபிரேக் 18-16 வரை இழுத்து, அதில் தோற்று, ஐந்தாவது செட்டில் ஜெயித்தாரே, அந்தப் போர்க். ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, செய்தித்தாளில் வந்த படத்தைத்தான் பார்த்தேன், தலையில் பட்டை, தோள்வரை முடி. நானும் ஆண்களை விரும்புகிறவன் என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும்.

லூகானிஸுக்கு வருவோம். நீங்கள் பார்த்தது என்ன என்பது உங்களுக்கு முழுதாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1976 மான்ட்ரியலில் பதினாறு வயதில் வெள்ளி வாங்கியவர். 1980 மாஸ்கோவை அமெரிக்கா புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு போயிற்று. 1982 உலகப் போட்டியில் ஒரு குதிக்கு ஏழு நடுவர்களும் பத்துக்குப் பத்து போட்டார்கள், பெரிய சர்வதேசப் போட்டியில் அதுவரை யாருக்கும் அது கிடைத்ததில்லை. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்பிரிங் போர்டு, 10 மீட்டர் மேடை இரண்டிலும் தங்கம். சமோவா வம்சத்தில் பிறந்து தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளை. பள்ளியில் திக்குவாய் என்றும் கறுப்பன் என்றும் கேலி செய்திருக்கிறார்கள், எழுத்துகள் கண்ணில் குழம்புகிற டிஸ்லெக்சியா வேறு. பலகை மேல் ஏறினால் பேச வேண்டியதில்லை, படிக்க வேண்டியதில்லை.

சியோலுக்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிகிறது. அது வெளியே தெரிந்திருந்தால் தென்கொரியாவுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார்கள் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். பயிற்சியாளர் போல நெருங்கிய சிலருக்கு மட்டும் தெரியும். அந்த ரகசியத்தோடு தகுதிச் சுற்றில் பலகை ஏறுகிறார். அவர் செய்தது ரிவர்ஸ் வகை. தண்ணீரைப் பார்த்தபடி முன்னால் எம்பி, உடம்பைப் பலகைப் பக்கமாகப் பின்னால் சுழற்ற வேண்டும். எம்பும்போது பலகையை விட்டுப் போதுமான தூரம் தள்ளி எழும்பாவிட்டால் சுழன்று வருகிற தலை பலகையில் மாட்டும். மாட்டியது. நீங்கள் அன்று டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். தலையில் தையல் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடி குதித்து, தகுதி பெற்று, மறுநாள் தங்கம். அடுத்த வாரம் 10 மீட்டர் மேடையில் சீனாவின் ஷியோங் நி, பதினாலு வயதுப் பையன், கடைசிக் குதி வரை முன்னால் இருந்தான். லூகானிஸ் தன் கடைசிக் குதிக்கு இருப்பதிலேயே கடினமானதை எடுத்து 1.14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்.

அந்த அடிபட்ட நேரத்தில் வலியை விடப் பெரிய பயம் அவருக்கு இருந்தது. ரத்தம் குளத்தில் கலந்திருக்குமா, கையுறை போடாமல் தையல் போட்ட மருத்துவருக்கு ஏதாவது ஆகுமா, வாய் திறந்து சொல்லவும் முடியவில்லையே என்கிற பயம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மருத்துவருக்குப் பின்னால் பரிசோதனை செய்ததில் தொற்று இல்லை. அவ்வளவு தண்ணீரில், குளோரினில், எச்.ஐ.வி. பரவாது. 1994-ல் நியூயார்க்கில் நடந்த கே விளையாட்டுப் போட்டியின்போது தான் கே, அதாவது ஆண்களை விரும்புகிறவன், என்று வெளிப்படையாகச் சொன்னார், 1995-ல் எச்.ஐ.வி. பற்றியும் சொன்னார். மருந்து எடுத்துக்கொண்டு அறுபது வயதைத் தாண்டியும் வாழ்ந்துகொண்டிருக்கிறார். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் படித்தால் அவர் இறந்துபோய்விட்டதாக நினைத்து அழுதது போலத் தோன்றுகிறது.

ஆக, நீங்கள் அழுதது கிறுக்குத்தனம் இல்லை. பாம்பனில் ஒரு பையன் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். டிவிக்குள் இருந்தவரும் சொல்ல முடியாத ஒன்றை வைத்துக்கொண்டுதான் பலகை ஏறினார். ஒருத்தரை ஒருத்தர் தெரியாமலே நீங்கள் இருவரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருந்தீர்கள். முப்பத்தைந்து வருஷம் கழித்து அது தெரியவந்தால் அழுகை வராமல் என்ன செய்யும்? அழுங்கள், நல்லதுதான்.

உங்கள் மனைவி விஷயம்தான் கஷ்டமானது. இதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் இருக்கிறது, எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆண்களோடு உடலுறவு இருந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். முதலில் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம், விஷயம் வெளியே போகாது. உங்கள் மனைவியின் உடம்பைப் பாதிக்கக்கூடிய எதையும் மறைக்க உங்களுக்கு உரிமை இல்லை. அப்படி எதுவும் இல்லை, மனசில் இருந்தது மட்டும்தான் என்றால், அவசரப்பட்டு ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். உங்கள் நெஞ்சுப் பாரம் இறங்கும், அது நேராக அவர்கள் நெஞ்சில் போய் உட்காரும். இவ்வளவு காலம் வாழ்ந்ததெல்லாம் பொய்யா என்றுதான் அவர்கள் முதலில் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் உண்மையான பதில் இருக்க வேண்டும். பிள்ளைகளை வளர்த்தது பொய்யில்லை, ஒருவருக்கு ஒருவர் காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தது பொய்யில்லை. இதையெல்லாம் யோசித்துவிட்டு, ஒரு மனநல ஆலோசகரிடம் ஒரு தடவையாவது பேசிவிட்டு, பிறகு முடிவெடுங்கள். ஒன்று மட்டும் உறுதி: என்றைக்காவது அவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்றால் உங்கள் வாயிலிருந்துதான் தெரிய வேண்டும். மருமகன் போனிலிருந்தோ ஊர்ப் பேச்சிலிருந்தோ தெரியக் கூடாது.

*

நான் கீழக்கரை, வேலை வளைகுடாவில். 2000-ல் காலேஜ் முதல் வருஷம். சிட்னி ஒலிம்பிக்கில் இயான் தோர்ப், அந்தக் கறுப்பு நீச்சல் உடையில். எனக்குத் தூக்கமே போயிற்று. அவரும் என்னைப் போலத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம், ஒரு ஆசை. பத்திரிகைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் இல்லை என்றார். புத்தகமே எழுதி அதிலும் இல்லை என்றார். சரி, அவரே இல்லையென்றால் எனக்கும் இல்லை, இது சும்மா பிரமை என்று நானே என்னை அடக்கிக்கொண்டு ஒரு பெண்ணை நிச்சயம் பண்ணும் வரை போனேன். கல்யாணம் நின்றது வேறு கதை. பிறகு 2014-ல் ஆமாம் என்கிறார். என் வாழ்க்கையில் அத்தனை வருஷத்தை அவர் வீணாக்கிவிட்டார் என்று இன்றும் கோபம். இந்தக் கோபம் சரியா?

கோபம் வருவது இயல்பு. அவர் மேல் வருவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

அவர் சிட்னியில் மூன்று தங்கம் வாங்கியபோது வயது பதினேழு. உங்களை விடச் சின்னப் பையன். நானூறு மீட்டரில் அன்று அவர் நீந்திய 3 நிமிடம் 40.59 விநாடி உலக சாதனை. ஒரு நாடே அவரைத் தோளில் தூக்கிவைத்திருந்தது, அதே நேரத்தில் அந்தப் பதின்ம வயதிலேயே மைக்கை நீட்டி நீ கேயா என்று கேட்டுக்கொண்டும் இருந்தது. அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்லத் தனக்கே தெளிவு வராத வயதில் இல்லை என்று சொல்லிவிட்டார், ஒரு தடவை சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. 2012-ல் வந்த அவர் புத்தகத்திலும் இல்லை என்றுதான் எழுதினார், அதே புத்தகத்தில் பல வருஷமாக மனச்சோர்வோடு போராடியதையும் குடியையும் எழுதினார். 2014 ஜூலையில் மைக்கேல் பார்க்கின்சனுக்குக் கொடுத்த பேட்டியில்தான் உண்மையைச் சொன்னார். தங்கள் சாம்பியன் ஒரு கேயாக இருப்பதை ஆஸ்திரேலியா விரும்புமா என்று தனக்குத் தெரியவில்லை என்று அப்போது சொன்னார். ஐந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கியவருக்கே அந்தச் சந்தேகம் என்றால், கீழக்கரையில் ஒரு காலேஜ் பையனுக்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று உங்களையே இரக்கத்தோடு பாருங்கள். அவரை ஆயிரம் பேர் கேட்டார்கள். உங்களை ஒருத்தரும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரித்தான் ஆளை ஒடுக்குகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2000-ல் நீங்கள் சந்தேகப்பட்டது சரியாகப் போயிற்று. அவர் ஒப்புக்கொள்ளாத காலத்தில் உங்கள் மனசு அதைச் சொன்னது, உங்களைப் பற்றியும் அதே மனசுதான் சொன்னது. அதை நம்புங்கள். ஆனால் அதற்காக இனிமேல் ஒவ்வொரு வீரரையும் பார்த்து இவரும் அப்படியா என்று கணக்குப் போட வேண்டாம். அவர்கள் வாயால் சொல்லும்வரை அது அவர்களுடையது.

நிச்சயித்த பெண்ணைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கல்யாணம் நின்றதில் அந்தப் பெண் தப்பித்தார், நீங்களும் தப்பித்தீர்கள். நடுவில் அவருக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு யாராவது பொறுப்பேற்றார்களா என்று மட்டும் யோசியுங்கள். கடைசியாக, வளைகுடா நாடுகள் பலவற்றில் இதற்குச் சட்டம் மிகக் கடுமை. அங்கே இருக்கும்வரை போனில் என்ன வைத்திருக்கிறீர்கள், யாரோடு என்ன பேசுகிறீர்கள் என்பதில் ரொம்பக் கவனமாக இருங்கள். மனசு விட்டுப் பேசுவதை ஊருக்கு வரும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

*

தங்கச்சிமடம். எம் மகன் ப்ளஸ் டூ படிக்கிறான். ரூம் பூராம் கால்பந்து வெளையாடுறவுக படமா ஒட்டி வச்சிருக்கான், ஒரு பொம்பளப் புள்ள படம் கூட இல்ல. நீங்க போன தடவ எழுதுனதப் படிச்சதுலருந்து பயமா இருக்கு. அவன் அப்படியா?

அம்மா, படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தங்கச்சிமடத்தில் கால்பந்து பைத்தியம் இல்லாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அவர்கள் எல்லோர் சுவரிலும் இதே படங்கள்தான் இருக்கும். பெரும்பாலான பையன்களுக்கு அது ஆட்டத்தின் மேல் உள்ள ஆசைதான். உங்கள் மகன் எப்படி என்பது அவனுக்குத்தான் தெரியும், ஒருவேளை அவனுக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். படத்தைக் கிழிக்காதீர்கள், போனைக் குடையாதீர்கள், சுற்றி வளைத்துக் கேள்வி கேட்காதீர்கள். பாம்பன்காரரின் அம்மா மகன் ஒட்டிய படத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள் இல்லையா, அந்தப் பெருமையை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அவன் எதைச் சொன்னாலும் உங்களிடம் சொல்லலாம் என்கிற தைரியம் அவனுக்கு இருந்தால் போதும். பயப்பட வேண்டிய விஷயம் என்றால், ப்ளஸ் டூ பரீட்சைக்கு எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்பதைப் பாருங்கள்.

*

உச்சிப்புளி. வெளிநாட்டு ஆட்களையே சொல்கிறீர்கள். நம் நாட்டில் ஒரு விளையாட்டு வீரர் கூடச் சொன்னதில்லையா?

சொல்லியிருக்கிறார், ஒரு பெண். ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை துத்தீ சந்த். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி. 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண் ஒருத்தியை நேசிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். 2018 செப்டம்பர் 6-ல் ஒருபால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவைப் பற்றிக் கொடுத்த தீர்ப்புதான் தைரியம் தந்தது என்றும் சொன்னார். சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும் ஓடினார், அதே ஜூலையில் நேப்பிள்ஸில் நடந்த உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டர் தங்கம் வாங்கினார். அந்தத் தங்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆண்கள் அந்தத் தைரியத்துக்கு இன்னும் வரவில்லை என்பதற்கு அவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். டிரெஸ்ஸிங் ரூம் பேச்சு எப்படி இருக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலும் இது ஒரே நாளில் நடக்கவில்லை. 2008 பெய்ஜிங்கில் ஆஸ்திரேலியாவின் மாத்யூ மிட்சம், தான் கே என்று முன்பே சொல்லிவிட்டு வந்து, 10 மீட்டர் மேடையில் கடைசிக் குதிக்கு 112.10 புள்ளி வாங்கித் தங்கம் வென்றார். பிரிட்டனின் டாம் டேலி 2013-ல் யூடியூபில் ஒரு வீடியோ போட்டுச் சொன்னார், டோக்கியோவில் தங்கம் வாங்கினார். லூகானிஸ் எதை மறைத்துக்கொண்டு அந்த மேடை ஏறினாரோ, அதை வெளியே சொல்லிவிட்டு அடுத்து வந்தவர்கள் ஏறினார்கள்.

*

ராமநாதபுரம். குடும்பத்தோடு படிக்கும் பத்திரிகையில் இதெல்லாம் தேவையா?

எழுதியவர்கள் எல்லோரும் குடும்பத்தில் இருக்கிறவர்கள்தான் ஐயா. ஒருத்தர் தாத்தா, ஒருத்தர் சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர், ஒருத்தர் அம்மா. அவர்களை எந்தக் குடும்பத்திலிருந்து எடுப்பது?

*

அண்ணா, எனக்கு 21. தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். எங்கள் ஊரில் திருவிழாவுக்கு லைட் போட்டு ராத்திரி முழுக்க வாலிபால் டோர்னமென்ட் நடக்கும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு பெரிய டீமோடு மாநில அளவில் பெயர் வாங்கிய ஒரு பிளேயர் வந்தார். ஆட்டம் முடிந்து தண்ணீர் கேட்டார், நான்தான் கேனைத் தூக்கி ஊற்றினேன். தேங்க்ஸ் தம்பி என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் ஆடுகிற எல்லா வீடியோவும் பார்க்கிறேன். நெருங்கின நண்பனிடம் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை, நல்லதுக்குத்தான் சொல்கிறான், ஒரு டாக்டர் இருக்கிறார், மருந்தும் கவுன்சலிங்கும் கொடுத்து ஆறு மாதத்தில் மாற்றிவிடுவார், பணம் நான் போடுகிறேன் என்கிறான். போகலாமா?

போகாதே தம்பி.

மாற்றுவதற்கு அங்கே நோய் எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17-ல் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, நீ பிறப்பதற்கு முன்பே. மாற்றுகிறேன் என்று சொல்லிச் செய்கிற சிகிச்சைகளைத் தடை செய்ய வேண்டும் என்று 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டார். இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுப் போட்ட வழக்கு அது. தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார் அந்த நீதிபதி. அதைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், இப்படி மாற்றும் சிகிச்சை செய்வது மருத்துவருக்கு உரிய நடத்தையை மீறுவது என்று மாநில மருத்துவ கவுன்சில்களுக்கு எழுதியது. அதனால் ஆறு மாதத்தில் மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் பணம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும், அவர் செய்வது வைத்தியம் இல்லை. அதற்குப் போய்விட்டு வந்த பையன்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஆசை போகவில்லை. தூக்கம் போயிருந்தது, படிப்பு போயிருந்தது, வீட்டில் யாரையும் நிமிர்ந்து பார்க்கிற தைரியம் போயிருந்தது.

உன் நண்பனை விட்டுவிடாதே. அவன் உன்னை அடிக்கவில்லை, ஊரில் சொல்லவில்லை, கைக்காசு போட்டாவது உதவ வேண்டும் என்று நினைக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இந்தப் பக்கத்தை அவனிடம் கொடு, படிக்கட்டும். அவன் கேட்கிற கேள்விகளை எனக்கு எழுதச் சொல், பதில் சொல்கிறேன்.

அந்த வாலிபால் வீரரைப் பற்றி. இவர் லூகானிஸ் மாதிரி எட்டாத தூரத்தில் இல்லை, அடுத்த திருவிழாவுக்கும் வரலாம், இன்ஸ்டாகிராமில் இருக்கலாம். உனக்குப் பிடித்திருக்கிறது என்பதால் அவருக்கும் அப்படி இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதே. நள்ளிரவில் மெசேஜ் போடாதே, அவர் போட்ட ஒவ்வொரு படத்துக்கும் கீழே போய் நிற்காதே. ஆட்டம் நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதலாம், அது யாரும் யாருக்கும் எழுதுவதுதான். மற்றபடி அவரைப் பார்த்துச் சந்தோஷப்படு. கேனைத் தூக்கி ஊற்றியதை நீ எழுதியிருந்த விதத்தைப் படித்ததும், பாம்பன்காரர் கடிதத்தில் இருந்த துணியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவருக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்க இத்தனை வருஷம் ஆயிற்று. உனக்கு 21 வயதிலேயே ஒரு நண்பன் கிடைத்திருக்கிறான்.

வீட்டில் இப்போதே சொல்ல வேண்டுமா என்று கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கேட்டிருந்தாய். வேண்டாம். படிப்பு முடியட்டும், கையில் ஒரு வேலை வரட்டும், வீட்டை விட்டு வெளியே போகச் சொன்னால் தங்க ஒரு இடம் இருக்கட்டும். சொல்லாமல் இருப்பது கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. நடுவில் மனசு ரொம்பக் கனத்தால், செத்துப்போகலாம் என்கிற நினைப்பு ஒரு தடவை வந்தால்கூட, உடனே 14416-க்குக் கூப்பிடு. அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரி எந்நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தால் எனக்கு எழுது. அங்கே சகோதரன், ஓரினம் என்று இதற்காகவே இயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், போய்ப் பேசிப் பார்க்கலாம். திருவிழா டோர்னமென்டில் நீயும் ஆடுகிறாயா என்று எழுதவே இல்லையே? ஆடு.